பிறந்த ஊரும் பெயர்ப் பதிவேடும்

 

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் மிம்பர் அருகே வந்து ஸலாம் சொன்னார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்திருப்பதாகக் கூறினார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை பத்துப் பன்னிரண்டு சொற்கள்தாம். ஏனையதை ஆங்கிலத்தில் பேசினார். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரரின் உறவினர் டர்பனில் அவருக்குப் பழக்கமாம். "பூந்தமல்லியில் பிறந்த ஹஜ்ரத் ஒருவர் அங்கே இருக்கிறார், அவரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. கப்பல் பதிவேட்டின் ஒரு வரியை நகலெடுத்து வைத்திருந்தார். ஓர் எண், ஒரு பெயர், தந்தையின் பெயர், வயது 24, ஜாதி என்ற இடத்தில் முஸல்மான், ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா சைதாப்பேட்டை, கிராமம் பூந்தமல்லி, அடையாளம் இடது முன்கையில் ஒரு தழும்பு. ஆண்டு 1889. "இவர் என் தாத்தாவின் தகப்பனார். இவருடைய வீடு எங்கே இருந்தது என்று காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் இரண்டு நாட்களை வீணாக்கியிருந்தார். காகிதத்தில் ஜில்லா செங்கல்பட்டு என்றிருந்ததால் வாடகைக் கார் பிடித்துத் தெற்கே செங்கல்பட்டு நகருக்கே சென்று, அங்கே பூந்தமல்லித் தெருவைத் தேடியிருக்கிறார். அவர் மீது குற்றமில்லை. அக்காலத்தில் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் யாவும் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது நம் பகுதி அதில் சேர்ந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல்விலாசம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. தேடி வருகிறவருக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதத்தின் வரலாறு தெரிந்தால்தான் அதன் மதிப்பு விளங்கும். ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டு சென்றார்கள். மொரீஷியஸுக்கு 1834 முதலும், நேட்டாலுக்கு 1860 முதலும், பிஜிக்கு 1879 முதலும் கப்பல்கள் சென்றன. நேட்டாலுக்கான முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. அது 1860 அக்டோபர் 12ஆம் நாள் சென்னையை விட்டுப் புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. ஏறத்தாழ 340 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. டர்பனில் பாதுஷா பீர் என்று அறியப்படும் ஷேக் அஹ்மது அவர்கள் அந்த முதல் கப்பலில்தான் வந்தார்கள் என்று அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1911 வரை நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதப்பட்டது. எழுதியவர்களின் நோக்கம் நம் சந்ததிகளுக்கு உதவுவதன்று. ஓடிப்போனால் பிடிப்பதற்காகத் தழும்பையும் மச்சத்தையும் குறித்தார்கள். கூலிக் கணக்குக்காக எண் கொடுத்தார்கள். ஆயினும் ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கொள்ளுப் பேரன் விமானமேறி வருவதற்கு அந்த ஒரு வரிதான் காரணமாயிற்று. மொரீஷியஸில் மோக்கா என்னுமிடத்தில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய பதிவேடுகளோடு அக்காலத்தில் வந்து இறங்கியவர்களின் புகைப்படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. டிரினிடாட் நாட்டின் பிரதமராக இருந்த கமலா பிரசாத் பிசேசர் 2012 ஜனவரியில் பீகாரின் பக்ஸார் மாவட்டத்திலுள்ள பேலுப்பூர் என்ற சிற்றூருக்கு வந்து தம் முன்னோரின் மண்ணைக் கண்டதும் இத்தகைய ஒரு பதிவின் துணையால்தான்.

பதிவு இல்லாமல் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் கதை வேறு. 1910இல் டிரான்ஸ்வால் அரசு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்ட இந்தியர் பலரைக் கப்பலேற்றிச் சென்னைக்கு நாடு கடத்தியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பாராதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். "உன் நாட்டுக்குப் போ" என்று அனுப்பப்பட்டவர்களுக்கு இறங்கிய இடத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சென்னையில் ஜி. ஏ. நடேசன் என்னும் பெருமகனார்தாம் அவர்களை ஆதரித்து, மீண்டும் கப்பலேற உதவினார். அவ்வாறு திரும்பிச் சென்றவர்களில் நாராயணசாமி என்பவர் கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டு அலைக்கழிந்து, டெலகோவா விரிகுடாவில் உயிர் துறந்தார். பின்னர் 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கையின்படி பணம் கொடுத்து ஆயிரக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களில் பலரை ஊரார் ஏற்றுக்கொள்ளவில்லை. எந்தக் குடும்பம், யாருடைய மகன் என்று சொல்ல எவரும் இல்லாத நிலையில் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

மறுநாள் காலை அந்தப் பெரியவரை அழைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் புறப்பட்டேன். நான் பிறந்த ஊர்தான். எனினும் பன்னிரண்டு வயதில் மதரஸாவுக்கு ஓதச் சென்றதிலிருந்து அங்கே நிலையாகத் தங்கியதில்லை. திருமணங்களுக்கும் மையித்துகளுக்கும் போய் வருவதோடு சரி. ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு போனவன், நெடுஞ்சாலையில் இறங்கியதும் வழி தெரியாமல் நின்றேன். நான் பிறந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கடை ஒன்று நிற்கிறது. எங்கள் கிணறு இருந்த மூலையில் ஏ.டி.எம். இருக்கிறது. டர்பன் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் இல்லையா?" என்று கேட்டார்.

அப்போது ஸீராவில் ஓதிய ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை வெற்றி கொண்டு தாம் பிறந்த ஊருக்குத் திரும்பியபோது, எங்கே தங்குவீர்கள் என்று தோழர் உஸாமா (ரலி) கேட்டார்கள். அகீல் நமக்கு வீடு எதையேனும் விட்டுவைத்திருக்கிறாரா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மறுமொழி கூறினார்கள். ஹிஜ்ரத்துக்குப்பின் அபூதாலிபின் மகன் அகீல் அந்த வீடுகளை விற்றுவிட்டிருந்தார். ஊரையே கைக்கொண்டவர்கள், விற்ற வீட்டைத் திரும்பக் கேட்காமல் கூடாரத்தில் தங்கினார்கள். இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பெயர் சொல்லாமல் எழுதுவதில் தவறில்லை என்று தோன்றுகிறது. அக்கம்பக்கத்தில் ஒரு பழைய மையவாடிக்குச் சென்றோம். செய்தி பரவி நாலைந்து முதியவர்கள் கூடிவிட்டார்கள். காகிதத்தில் இருந்த பெயரை நான் படித்துக் காட்டியதுதான் தாமதம்; ஒருவர், "ஆமாம், கப்பலுக்குப் போனவர் குடும்பம்தானே? எங்க நன்னா சொல்லியிருக்காரு" என்றார். இன்னொருவர், "அவரோட அத்தா கபர் இதோ இதுதான்" என்று ஒரு மேட்டைக் காட்டினார். டர்பன் பெரியவர் அந்த மேட்டருகே அமர்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். சுற்றி நின்றவர்களின் கண்களும் கலங்கின. எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும், "யாரிடமிருந்து கேட்டீர்?" என்ற கேள்வி தானாக வந்துவிடும். அதுதான் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர். முதியவரைத் தனியே அழைத்து, "பெரியவரே, உங்கள் நன்னா இதை எப்போது சொன்னார், அவருக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். சற்றுத் திகைத்தார். பிறகு மெதுவாக, "ஹஜ்ரத், கடல் தாண்டி வந்திருக்காரு. வெறுங்கையோட அனுப்பலாமா? மனசு சந்தோசமா போகட்டும்னு சொன்னேன்" என்றார்.

அவர் பொய்யர் அல்லர். இரக்கமுள்ள மனிதர். ஆனால் இரக்கத்தினால் சொன்ன சொல்லும் வரலாறாகிவிடும். நாளை டர்பனில் ஒரு குடும்பம் அந்த மேட்டின் புகைப்படத்தைச் சுவரில் மாட்டி, "இது நம் மூதாதையர் கபர்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும். அங்கே அடங்கியிருப்பவர் யார் பெற்ற பிள்ளையோ!

உலகப் புகழ் பெற்ற ஒரு தேடலிலும் இதுவே நேர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தம் தாய்வழி முன்னோர் குன்டா கின்டே என்ற முஸ்லிம் இளைஞர் என்றும், காம்பியா நாட்டின் ஜுஃபூரே கிராமத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு 1767இல் அனாபலிஸ் துறைமுகத்தில் விற்கப்பட்டவர் என்றும் 1976இல் 'ரூட்ஸ்' நூலை எழுதினார். அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்து கோடிக்கணக்கானோரைக் கண்ணீர் சிந்த வைத்தது. அந்நூலின் உயிர்நாடி, ஜுஃபூரேயில் ஒரு கிழவர் வாய்மொழியாகச் சொன்ன வம்ச வரலாறு. பின்னர் ஆராய்ந்தவர்கள், அக்கிழவர் வழிவழியாக வரலாறு ஓதும் குலத்தவர் அல்லர் என்றும், வந்தவர் எதைத் தேடுகிறார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்றும் கண்டார்கள். அமெரிக்க ஆவணங்களிலோ, குன்டா என்று ஹேலி கருதிய அடிமை 1767க்கு முன்பே அங்கே இருந்ததாகத் தெரியவந்தது. ஒரு சமுதாயம் தன் வேரைத் தேடும் தாகத்தை அந்நூல் எழுப்பியது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் விடையைக் கேள்வியோடு சேர்த்துக் கொடுத்தால் அதே விடை திரும்பி வரும். மையவாடியில் நான் செய்ததும் அதே பிழைதான். பெயரைப் படித்துக் காட்டாமல், "கப்பலுக்குப் போன குடும்பம் எதுவும் உண்டா?" என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

காருக்குத் திரும்பும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. எனக்கும் அன்று பகல் உணவு இறங்கவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு, "அப்படியானால் என் பாட்டனார் நிச்சயமாகக் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள், அது போதும்" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இருந்தது. பூந்தமல்லியின் பழைய பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றேன். கோல்கொண்டாவின் அப்துல்லாஹ் குத்புஷாஹ் ஆட்சியில், 1653இல், அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகார் என்பவரின் மகன் ருஸ்தம் கட்டியது என்பது அதன் கல்வெட்டு தரும் செய்தி. 1889இல் இருபத்து நான்கு வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் பூந்தமல்லியிலிருந்து புறப்பட்டார் என்றால், அந்தப் பள்ளி அப்போதே இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. டர்பன் பெரியவர் அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்.

அந்த ஆண்டுக் கணக்கு என் குடும்பத்துக் கதையொன்றையும் அசைத்துவிட்டது. எங்கள் வீட்டில், இப்பகுதியின் பல வீடுகளில் போலவே, "நாங்கள் ஆற்காட்டு நவாபோடு வந்தவர்கள்" என்று சொல்வது வழக்கம். என் பாட்டனாரின் தந்தை நவாபின் குதிரைப்படையைச் சேர்ந்தவரின் வாரிசு என்றே கேட்டு வளர்ந்தேன். ஆனால் ஆற்காட்டு நவாபுகளின் வரிசை 1690களில் மொகலாயத் தளபதி சுல்ஃபிகார் கானோடு தொடங்குகிறது. பூந்தமல்லியில் பள்ளிவாசல் எழுந்ததோ அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு. 1639இல் சென்னைப்பட்டணத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தபோதே பூந்தமல்லி ஒரு தலைமையிடம். தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் அங்கேதான் இருந்தார். ஆகவே நம்மவர் அனைவரும் நவாபோடு வந்தவர்கள் என்பது நிற்காது.

இங்கே ஓர் இடறலும் உண்டு. கல்வெட்டில் துல்ஃபிகார், நவாபு வரிசையில் சுல்ஃபிகார். அரபியில் இரண்டும் ஒரே பெயர்தான். இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோரை நானே கேட்டிருக்கிறேன். ஒரே பெயர் தாங்கிய வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்கென்றே பக்தாதின் அறிஞர் கதீப் (ரஹ்) அவர்கள் தனி நூல் எழுதியிருக்கிறார்கள். கப்பல் பதிவேட்டில் எத்தனை ஷேக் இஸ்மாயில்கள் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! தந்தை பெயரும் தாலுகாவும் தழும்பும் இல்லாவிட்டால் யார் எவர் என்று எப்படிச் சொல்வது?

குதிரைப்படைக் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெரியவர் ஊருக்குத் திரும்பிய பின், என் பெரியத்தா வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த பழைய பத்திரங்களைப் பிரித்துப் பார்த்தேன். 1920களில் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தில் பாட்டனாரின் தந்தை பெயர் இருக்கிறது. அக்காலப் பத்திரங்களில் பெயருக்குப் பின் தந்தை பெயர், மதம், ஜீவனம் என்று எழுதுவார்கள். "ஜீவனம் வண்டி வாடகை" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்னைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். பெரியத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தவர், "குதிரை இல்லாட்டி மாடு, ஓட்டினாரில்லே?" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார்.

காகிதம் என்றாலே வேதவாக்கு என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். மேலே சொன்ன அதே கதீப் (ரஹ்) அவர்களிடம் ஒரு பழைய சாசனத்தைக் கொண்டு வந்தார்கள். கைபரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதிக் கொடுத்த வரி விலக்கு என்றும், முஆவியா (ரலி), ஸஅத் பின் முஆத் (ரலி) இருவரும் அதில் சாட்சி என்றும் சொன்னார்கள். கதீப் அவர்கள் பார்த்த மாத்திரத்தில் போலி என்றார்கள். கைபர் நடந்தது ஹிஜ்ரி 7இல். முஆவியா (ரலி) அவர்கள் இஸ்லாத்தை வெளிப்படுத்தியது மக்கா வெற்றியின்போது ஹிஜ்ரி 8இல். ஸஅத் (ரலி) அவர்களோ ஹிஜ்ரி 5இலேயே இறந்துவிட்டார்கள். போலியில்லாத பதிவிலும் பிழை இருக்கும். முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் பிறந்தது இன்றைய பாகிஸ்தானின் காஹ் கிராமத்தில். அங்கே பள்ளிக்கூடப் பதிவேட்டில் 187ஆம் எண்ணில், 1937 ஏப்ரல் 17இல் சேர்ந்ததாக அவர் பெயர் இருக்கிறது. பிறந்த நாள் மட்டும் 1932 பிப்ரவரி 4 என்றிருக்கிறது. உலகம் அறிந்தது அதே ஆண்டு செப்டம்பர் 26. அவர் பிரதமரான பின்பும் அந்த ஊருக்குத் திரும்பிச் செல்ல வாய்க்கவில்லை. அவருடைய பால்ய நண்பர் ஒருவர்தான் 2008இல் டில்லிக்கு வந்து அவரைச் சந்தித்துச் சென்றார். 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்தக் கிராமத்திலும் இரங்கல் கூட்டம் நடந்தது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். டர்பன் பெரியவர் வந்த அன்றே, நம் பள்ளியின் பழைய நிக்காஹ் தஃப்தரைப் பார்க்கலாமே என்று செயலாளரும் நானும் அலமாரியைத் திறந்தோம். முதல் புத்தகத்தின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் பல இடங்களில் மணமகனின் பெயர் இருக்கிறது, தந்தையின் பெயர் இல்லை. ஊர் என்ற இடத்தில் "வெளியூர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் எனக்கு முன்பிருந்த இமாம்கள் மட்டுமல்லர். சில பக்கங்களில் இருப்பது என் கையெழுத்து. அவசரத்தில் அப்படி எழுதியவன் நான்தான்.

நம் மஹல்லாவின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960களில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. வேலை தேடி வட ஆற்காட்டிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து குடியேறியவர்களே நம் ஜமாஅத்தில் பெரும்பாலோர். முதலில் வந்தவர்களில் சிலரே இன்று உயிரோடு இருக்கிறார்கள். எந்த ரயிலில் வந்தோம், எந்த ஊரில் எந்தத் தெருவை விட்டு வந்தோம் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். கூலிகளைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதி வைத்த அளவுக்குக்கூட நாம் நம்மைப் பற்றி எழுதி வைக்கவில்லை.

நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு இவ்வாண்டு முதல் ஒரு புதிய பதிவேடு தொடங்கியிருக்கிறோம். குடும்பத் தலைவர், அவர் தந்தை, தந்தையின் தந்தை, தாய் வழிப் பெயர்கள், சொந்த ஊர், இங்கே வந்த ஆண்டு, தொழில், இச்செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று அதில் இடம் விட்டிருக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பழைய பத்திரம், ரேஷன் அட்டை, தொழிற்சாலை அடையாள அட்டை, பயணக் கடவுச்சீட்டு எதுவாயினும் கொண்டு வந்தால் நகலெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். டர்பன் பெரியவர் தம் காகிதத்தின் நகல் ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார்; அதை முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். பூந்தமல்லிப் பக்கத்தில் எவரிடமேனும் அந்தப் பெயருள்ள பத்திரம் இருந்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதல் படிவத்தைக் கொண்டு வந்தவன் மக்தபில் ஓதும் ஒரு சிறுவன். சொந்த ஊர் என்ற இடத்தில் "அம்பத்தூர்" என்று பென்சிலால் எழுதியிருந்தான். அவன் அத்தா அதைப் பேனாவால் அடித்து "இளையான்குடி" என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் இரண்டையும் அழிக்காமல் அப்படியே பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன்.